மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய இணையத்தளம்: மட்டக்களப்பு, அம்பாறை அமைப்புகளுக்கான கேள்வி பதில்

கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகம், பிரதேச சபை, தொண்டு நிறுவனம் என்று இணையத்தளம் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பக்கம் பொருந்தும். தளத்தை வடிவமைத்தவர் கொழும்பில் இருப்பார்; அதில் அன்றாடம் அறிவித்தல் போடுபவர் உங்கள் அலுவலகத்தில் இருப்பார். இங்குள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டாமவருக்கே உரியவை. தளம் முடங்குவதும் திறப்பதும் பெரும்பாலும் அவர் கையில்தான்.

பார்வையற்ற ஒருவர் இணையத்தளத்தை எப்படி வாசிக்கிறார்?

திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்கிறது. கணினியில் என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது, அதில் தமிழ்க் குரலும் உண்டு. அன்ட்ரொயிட் போனில் டோக்பேக் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பகுதி, இருமுறை தட்டினால் திறக்கும்.

பார்வையுள்ளவர் பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் மேய்வதுபோல, இவர்கள் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறார்கள். என்.வி.டி.ஏ.யில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே விசைக்கு அடுத்த இணைப்பு. ஆகவே தலைப்பு உண்மையான தலைப்பாக இருக்க வேண்டும். எழுத்தைப் பெருப்பித்துத் தடிப்பாக்கினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு; திரைவாசிப்பானுக்கு இன்னொரு பந்தி. வேர்ட்பிரஸ்ஸில் 'தலைப்பு' என்ற கட்டத்தைத் தேர்ந்து, பக்கத்தின் பெரிய பிரிவுகளுக்கு இரண்டாம் நிலையும் அவற்றின் உட்பிரிவுகளுக்கு மூன்றாம் நிலையும் கொடுங்கள்.

இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வழியும் உண்டு. "இங்கே அழுத்தவும்" என்று பத்து இடத்தில் எழுதியிருந்தால் அவர் காதில் விழுவது "இங்கே அழுத்தவும்" பத்துத் தடவை. "புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவம்" என்று இணைப்பிலேயே எழுதினால் ஒரு தடவையில் வேலை முடியும்.

எங்களிடம் நேரமும் காசும் குறைவு. முதலில் எதைத் திருத்த வேண்டும்?

படமாகப் போட்ட அறிவித்தல்களை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் இதைவிடப் பெரிய தடை இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாவி பெருகுகிறது, வீதி மூழ்குகிறது. எந்தப் பாடசாலையில் முகாம், எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று ஒரு கடதாசியில் அச்சடித்து, போனால் படம் எடுத்து, வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். அந்தப் படம் இணைப்பாகவும் இருந்தால் திரைவாசிப்பான் "ஐ எம் ஜி, கோடு, 20251127, கோடு, டபிள்யூ ஏ 0007" என்று கோப்பின் பெயரை வாசிக்கக்கூடும். இணைப்பாக இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாமல் கடந்துபோகும். முகாம் எங்கே என்ற செய்தி அந்த மனிதருக்குக் கிடைக்கவே இல்லை. பார்வை மங்கிய முதியவர் அதைப் பெருப்பித்தாலும் எழுத்து உடைந்துதான் தெரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படத்தில் உள்ள சொற்கள் முழுவதையும் பக்கத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். படமும் வேண்டுமானால் அதன் கீழே இருக்கட்டும். ஒரு பக்க அறிவித்தலுக்குப் பத்து நிமிடம் போதும். பேஸ்புக்கில் போடும்போதும் இதே முறைதான். படத்தில் உள்ளதைப் பதிவின் எழுத்தாகவும் இடுங்கள்.

பழைய அறிவித்தல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். முத்திரை விழுந்த இடத்திலும் மடிப்பு உள்ள இடத்திலும் பிழை வரும். திகதி, தொகை, தொலைபேசி இலக்கம் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிட வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாம் பாமினியில்தான் தட்டச்சு. அதில் என்ன குறை?

பாமினி என்ற பழைய எழுத்துரு தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை; ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே முழு அறிவித்தலும் பொருளற்ற ஆங்கில ஒலியாக வரும். கூகுளில் தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது.

தட்டச்சுப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. விரல்கள் பழகிய அதே பாமினி விசை ஒழுங்கில் யுனிகோட் எழுத்து, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் எழுத்து, வரும் விசைப்பலகை மென்பொருள்கள் உண்டு. அதை ஒருமுறை நிறுவினால் தட்டச்சாளருக்கு எதுவும் மாறாது. உள்ளே சேமிக்கப்படுவது மட்டும் உண்மையான தமிழாகிவிடும்.

பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றினால் இடையிடையே பிழை வருகிறதே?

வரும். எங்கே வரும் என்று தெரிந்தால் திருத்துவது சுலபம்.

பாமினியில் காற்புள்ளி விசை 'இ' எழுத்துக்கு உரியது. ஆங்கில எழுத்துருவில் தட்டிய 25,000 என்ற தொகையையும் சேர்த்து மாற்றினால் "25இ000" என்று நிற்கும். உங்கள் தளத்தில் இன்றே 'இ000' என்று தேடிப் பாருங்கள். அகப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இதே போலச் சிதைந்து தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். அவற்றை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் மாற்றி, பிறகு திரும்பச் சேருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை (ா) போட்டு மேலே புள்ளி வைப்பது வழக்கம். மாற்றிய பிறகு அது "அவா்கள்" என்று ஆகிறது. "அவர்கள்" போலவே தெரிந்தாலும் உள்ளே ரகரமே இல்லை. குரல் அந்த இடத்தில் தடுக்கி விழும், தேடலும் பொருந்தாது. புள்ளி வைத்த காலைத் தேடி 'ர்' என்று ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதத்தை ஸ்கேன் செய்துதானே போட வேண்டும்?

ஸ்கேன் செய்த பிடிஎப் வெறும் படம்தான். கையொப்பப் பிரதி சட்டத் தேவைக்கு இருக்கட்டும். அதே கடிதத்தின் சொற்களைப் பக்கத்தில் எழுத்தாகவும் போடுங்கள். இரண்டும் இருப்பதில் எந்த முரணும் இல்லை.

வேர்டிலிருந்து பிடிஎப் ஆக்கும்போது 'பிரிண்ட்' வழியாகப் போனால் தலைப்பு, அட்டவணை, படவிளக்கம் என்ற உள்ளமைப்பு எல்லாம் கழன்றுவிடும். 'சேவ் அஸ்' மூலம் பிடிஎப் ஆகச் சேமித்து, அங்குள்ள 'ஒப்ஷன்ஸ்' பகுதியில் அணுகலுக்கான டாக்ஸ் (உள்ளமைப்பைக் காட்டும் குறிகள்) என்ற பெட்டி தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

யுனிகோடில் தட்டிய பிடிஎப்பும் சிலவேளை சிதையும். சோதிக்க ஒரு வழி: பிடிஎப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். "பொது" என்பது "ெபாது" என்று விழுந்தால் திரைவாசிப்பானுக்கும் அப்படித்தான் போகும். அந்தக் கோப்பை நம்பாமல் சாதாரண இணையப் பக்கமாகவே போடுங்கள். எங்களைக் கேட்டால், நான்கு பக்கத்துக்குக் குறைந்த எதற்கும் பிடிஎப் தேவையில்லை. போனில் அதைத் திறப்பது எல்லோருக்கும் தொல்லை.

படத்துக்கு மாற்று உரை எழுதுவது எப்படி?

மாற்று உரை என்பது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் சிறு குறிப்பு. அந்தப் படம் இந்தப் பக்கத்தில் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள்; அதற்கான பதில்தான் மாற்று உரை. கல்லடிப் பாலத்தின் படம் சுற்றுலாப் பக்கத்தில் இருந்தால் "மாலை வெளிச்சத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேலே கல்லடிப் பழைய பாலம்" எனலாம். அதே படம் வீதி மூடல் அறிவித்தலில் இருந்தால் வெளிச்சம் முக்கியமில்லை. எந்தப் பாலம், எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பதே முக்கியம். "படம்" என்ற சொல்லால் தொடங்க வேண்டாம், திரைவாசிப்பான் அதைத் தானே சொல்லும். ஓரிரு வசனத்துக்குள் முடியட்டும்.

வெறும் அலங்காரக் கோடு, பூ வேலைப்பாடு என்றால் மாற்று உரையை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக விடுவதும், நிரலில் மாற்று உரைக்கான பண்பையே எழுதாமல் விடுவதும் வேறு வேறு. வெறுமை என்றால் "இதைத் தாண்டிப் போ" என்று பொருள். இல்லாமையைக் கண்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கும்.

எங்கள் தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. வேறு ஏதும் செய்ய வேண்டுமா?

அம்பாறை மாவட்டத்தில் இது கட்டாயம் எழும் கேள்வி. ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் மொழி எது என்று குறிக்கும் பண்பு ஒன்று இருக்கிறது. தமிழுக்கு டி ஏ, சிங்களத்துக்கு எஸ் ஐ, ஆங்கிலத்துக்கு இ என். பல தளங்களில் ஆங்கில வார்ப்புருவை எடுத்து அதில் தமிழை நிரப்பியிருப்பார்கள். மொழிக் குறி ஆங்கிலமாகவே இருக்கும். அப்போது ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று மௌனமாகும், அல்லது எழுத்தெழுத்தாகத் திணறும். வடிவமைப்பாளருக்கு இது ஒரு வரித் திருத்தம். பக்கத்தின் நடுவே வேறு மொழிப் பந்தி வந்தால் அந்தப் பந்திக்குத் தனியாகக் குறி கொடுக்க வேண்டும்.

மொழி மாற்றும் பட்டனில் அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போடுங்கள். கொடிப் படம் வேண்டாம்.

சுருக்கெழுத்துகளையும் கவனியுங்கள். "மு.ப. 9.00" என்பதைக் குரல் "மு, ப, ஒன்பது புள்ளி பூச்சியம் பூச்சியம்" என்று சொல்லக்கூடும். "காலை 9 மணி" என்று எழுதினால் காதுக்கும் கண்ணுக்கும் தெளிவு. "பி.செ." என்று சுருக்காமல் பிரதேச செயலகம் என்றே எழுதுங்கள்.

இணையத்தில் நிரப்பும் விண்ணப்பப் படிவத்தில் எங்கே சறுக்குகிறது?

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில். பழைய அட்டையில் 9 எண்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். புதிய அட்டையில் 12 எண்கள். எண் மட்டும் ஏற்கும் பெட்டியாக அமைத்தால் போனில் எண் விசைப்பலகை மட்டுமே எழும், பழைய அட்டைக்காரர் வீ எழுத்தைத் தட்டவே முடியாது. பார்வையுள்ளவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பார். திரைவாசிப்பானில் தனியே நிரப்புபவருக்கு ஏன் ஏற்கவில்லை என்பதே தெரியாது, ஏனென்றால் பிழைச் செய்தி பெட்டியைச் சுற்றிய சிவப்புக் கோடாக மட்டும் இருக்கிறது.

பிழைச் செய்தி சொல்லாக இருக்க வேண்டும், அந்தப் பெட்டியோடு நிரலில் இணைந்திருக்க வேண்டும், எப்படித் திருத்துவது என்றும் சொல்ல வேண்டும். "தவறான உள்ளீடு" என்பது உதவாது. "9 எண்களும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், அல்லது 12 எண்கள் தேவை" என்பது உதவும்.

பெட்டியின் பெயரைப் பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதிவைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். ஞாபகமறதி உள்ளவருக்கு எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதே குழம்பும். பெயர் பெட்டிக்கு மேலே நிரந்தரமாக நிற்கட்டும், நிரலில் 'லேபல்' என்று பெட்டியோடு கட்டியிருக்கட்டும்.

கடவுச்சொல்லையும் போனுக்கு வரும் குறியீட்டையும் ஒட்டுவதற்கு அனுமதியுங்கள். வளைந்த எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் சோதனை பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பிறந்த திகதிக்கு நாட்காட்டியை மட்டும் வைக்காமல் தட்டவும் இடம் கொடுங்கள். 1958இல் பிறந்தவரை மாதம் மாதமாகப் பின்னால் போகச் சொல்வது நியாயமில்லை.

நிறமும் எழுத்தும் எப்படி இருக்க வேண்டும்?

சர்வதேச வலை அணுகல் வழிகாட்டியின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.1ஐக்கூட எட்டாது. தூய சிவப்பில் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 4. அதுவும் சிறிய எழுத்துக்குப் போதாது. திருவிழா அறிவித்தல்களில் இந்த இரண்டும்தான் அதிகம். மதிய வெயிலில் வாழைச்சேனைத் துறைமுகத்தில் போனைப் பார்ப்பவருக்கும் இதே கஷ்டம்தான்.

நிறத்தால் மட்டும் பொருள் சொல்ல வேண்டாம். "சிவப்பில் உள்ள நாட்களில் கிளினிக் இல்லை" என்றால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு அட்டவணை பயனற்றது. அந்த நாளுக்கு நேரே "இல்லை" என்று எழுதுங்கள்.

தமிழுக்கென்று சில கவனங்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் போதுமென்றால் தமிழுக்கு 18 வையுங்கள், வரி உயரம் 1.6 அளவில் இருக்கட்டும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்தால் 'கூ', 'டி' போன்றவற்றின் மேலும் கீழும் வெட்டுப்படும். எழுத்திடை வெளியைக் கூட்டினால் சில உலாவிகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகும். இரு பக்கமும் சமமாக நிரவினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரும் ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். 200 வீதம் பெருப்பித்தாலும் எதுவும் மறையக்கூடாது.

கை இயக்கம் குறைந்தவர்களுக்கு?

போரிலும் விபத்திலும் கையையோ விரல்களையோ இழந்தவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பக்கவாதம், நடுக்கம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு டாப் விசையால் மட்டும் உங்கள் தளத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கோடு காட்ட வேண்டும். "அழகாக இல்லை" என்று வடிவமைப்பாளர் அந்தக் கோட்டை அழித்திருப்பார். திரும்பப் போடச் சொல்லுங்கள். மவுஸ் மேலே போனால் மட்டும் விரியும் பட்டியல், மூட முடியாத திடீர்ப் பெட்டி ஆகிய இரண்டும் அடிக்கடி அகப்படும்.

பட்டன் குறைந்தது 24க்கு 24 பிக்சல். 44 வைத்தால் நடுங்கும் விரலுக்கும் இலகு. முகப்பில் தானாக ஓடும் படங்களுக்கு நிறுத்தும் பட்டன் வேண்டும். அவற்றை எடுத்தே விடுவது இன்னும் நல்லது.

காது கேளாதவர்களுக்கு இணையத்தளத்தில் என்ன தடை? அவர்களால் வாசிக்க முடியுமே?

முதல் தடை "மேலதிக விபரங்களுக்கு அழைக்கவும்" என்ற வரி. 065, 063, 067 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி மட்டும் கொடுத்தால் அவர்கள் உங்களைத் தொடர்புகொள்ள வழியில்லை. குறுஞ்செய்தி அல்லது வட்ஸ்அப் எழுத்துக்குப் பதில் தரும் இலக்கம் ஒன்றையும் சேர்த்து, அதற்கு யார் பதில் எழுதுவது என்பதையும் அலுவலகத்தில் தீர்மானியுங்கள்.

காணொளிகளுக்கு வசனவரி வேண்டும். ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் காட்ட வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது, ஒரு வரிக்கு நான்கைந்து சொல் போதும். பேசுபவர் மாறினால் பெயரைப் போடுங்கள். சைரன், அழுகை, கைதட்டல் போன்ற பொருளுள்ள ஒலிகளையும் எழுதுங்கள். தானியங்கி வசனவரி ஊர்ப் பெயர்களில்தான் அதிகம் பிழைவிடும். களுவாஞ்சிக்குடியும் அக்கரைப்பற்றும் என்னவாகியிருக்கின்றன என்று வெளியிடுமுன் வாசித்துப் பாருங்கள்.

பிறவியிலேயே கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. "மேற்படி விடயம் தொடர்பில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படவுள்ளமையால்" என்று தொடங்கும் வசனம் அவர்களுக்குச் சுவர். ஒரு வசனத்தில் ஒரு செய்தி சொல்லுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதுவே வழி.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அந்த நிரலால் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு வரும் பெட்டி எழுத்தைப் பெருப்பிக்கும், நிறத்தை மாற்றும். இரண்டையும் பயனாளரின் போனே செய்யும். பாமினியை அது யுனிகோடாக்காது, ஸ்கேன் கடிதத்தை நம்பத்தக்க எழுத்தாக்காது. சிலவேளை திரைவாசிப்பானின் விசைகளோடு மோதி, இருந்த வசதியையும் கெடுக்கும். அதற்குக் கட்டும் சந்தாப் பணத்தில் தட்டச்சாளருக்குச் சில நாள் கூலி கொடுத்து அறிவித்தல்களை எழுத்தாக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? எந்த அளவுகோலைப் பிடிப்பது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் கட்டடங்களைப் பற்றியவை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் அணுகலில் சேர்க்கிறது.

அளவுகோலாக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 ஒக்டோபரில் வெளியிட்ட, மேலே சொன்ன வலை அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பை எடுங்கள். ஏ (அடிப்படை), இரட்டை ஏ (அதற்கு அடுத்தது) ஆகிய இரு நிலைகளிலும் சேர்த்து 55 நிபந்தனைகள். புதிய தளத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது "2.2, இரட்டை ஏ நிலை" என்று ஒரு வரி சேருங்கள், இறுதிக் கொடுப்பனவுக்கு முன் சோதித்துப் பார்க்கும் உரிமையையும் எழுதுங்கள். பிறகு கேட்டால் மேலதிகச் செலவு என்பார்கள்.

நாங்களே சோதிப்பது எப்படி?

வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசக் கருவிகள் விடுபட்ட மாற்று உரை, மங்கல் நிறம், பெயரில்லாப் பெட்டி ஆகியவற்றைச் சொல்லும். "படம் 1" என்று மாற்று உரை இருந்தாலும் அவை சரி என்றே சொல்லும். ஆகவே 100 புள்ளி வந்தாலும் நிறுத்தாதீர்கள். டாப் விசைச் சோதனை, 200 வீதம் பெருப்பித்தல், டோக்பேக்கை இயக்கித் திரையைப் பாராமல் ஒரு படிவத்தை நிரப்புதல் ஆகிய மூன்றையும் செய்யுங்கள். டோக்பேக்கை இயக்குமுன் அதை நிறுத்தும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்: பல போன்களில் ஒலிப் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்த வேண்டும். அந்தக் குறுக்குவழி அமைப்புகளில் இயங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அதன் பிறகு உண்மையான பயனாளர் ஒருவரை அழையுங்கள். யாரையும் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரம் போதும். "வெள்ள நிவாரணப் படிவத்தைக் கண்டுபிடித்து நிரப்புங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல், கையை நீட்டாமல் இருங்கள். அவர் எங்கே நின்றார், எதை இரண்டு தடவை கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவோடு அந்த நேரத்துக்கான கூலியும் கொடுக்க வேண்டும். அது அவருடைய தொழில் அறிவு.

பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். இன்று முதல் ஏறும் அறிவித்தல் சரியாக ஏறட்டும். பிறகு அதிகம் பார்க்கப்படும் பத்துப் பக்கங்கள், நடப்பிலுள்ள படிவங்கள், அவசரத் தொடர்பு இலக்கங்கள். மற்றவற்றின் மேலே "இந்த ஆவணம் எழுத்து வடிவில் தேவையென்றால் இந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்புங்கள், இரண்டு வேலை நாளுக்குள் தருவோம்" என்று எழுதி, அந்த இரண்டு நாளைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள்.